பெரும் ஆர்ட்டீசியன் படுகை: பத்து இலட்சம் ஆண்டு நீருக்கு வயது கணிப்பது எப்படி? இவ்வளவு நீர் இருந்தும் கிணறுகளை மூடுவது ஏன்?

வினா: செம்புலம்

வணக்கம். நான் பிரிஸ்பேனில் வசிக்கிறேன். கட்டுமானத் துறையில் இருப்பவன். நிலவியல் முறையாகப் படித்தவன் அல்லன். அண்மையில் குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் உள்ள வின்டன் என்னும் சிற்றூரில் தங்கியபோது, குளியலறைக் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டையின் நாற்றம் வந்தது. விடுதிக்காரரிடம் விசாரித்தேன். ஊருக்கு வரும் நீர் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இருந்து வருவதாகவும், 80 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வெளிப்படுவதால் ஆறவைத்த பிறகே குழாய்களுக்கு விடுவதாகவும் அவர் சொன்னார். ஊரைச் சுற்றி மழை அரிது, ஆறுகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் வருவது என்னை விடாமல் யோசிக்க வைத்தது.

திரும்பி வந்து தேடிப் படித்ததில், இது பெரும் ஆர்ட்டீசியன் படுகை எனப்படுகிறது என்றும், குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகியவற்றின் அடியில் 17 இலட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்றும், அதில் ஏறத்தாழ 64,900 கன கிலோமீட்டர் நீர் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது என்றும் அறிந்தேன். ஆனால் சில செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

முதலாவது, இந்த நீரின் வயது சில இடங்களில் பத்து இலட்சம் ஆண்டுகளைத் தாண்டுகிறது என்கிறார்கள். பாறைக்கு வயது கணிப்பது புரிகிறது. ஓடும் நீருக்கு எப்படிக் கணிக்கிறார்கள்? இரண்டாவது, இத்தனை பெரிய இருப்பு இருக்கும்போது அரசு பணம் செலவழித்துக் கிணறுகளுக்கு மூடியும் வால்வும் போடுவது ஏன்? மூன்றாவது, எடுக்கும் நீரை மழை ஈடு செய்கிறதா, இல்லையா? இந்த மூன்றுக்கும் விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: மணற்கல்

நல்ல கேள்விகள். பாறைகளின் அடுக்கு தெரியாமல் மூன்றில் எதற்கும் விடை சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்திரேலியா அண்டார்டிகாவோடு சேர்ந்து கோண்டுவானா நிலப்பரப்பின் பகுதியாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, கண்டத்தின் கிழக்குப் பாதி மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது. அந்தத் தாழ்வில் பேராறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. அந்த மணல் இறுகியதுதான் இன்று நீரைத் தாங்கி நிற்கும் மணற்கல் அடுக்குகள்: பிரெசிபிஸ், ஹட்டன், ஹூரே, கட்னா-ஓவி எனப் பல பெயர்களில் அவை வழங்குகின்றன. பின்னர் கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடல் உட்புகுந்து கண்டத்தின் நடுப்பகுதியை மூடியது. அந்தக் கடலின் அடியில் படிந்த நுண்ணிய சேறு பல நூறு மீட்டர் தடிமனுள்ள களிப்பாறையாக இறுகி, கீழே உள்ள மணற்கல்லுக்கு மூடியாக அமைந்தது. நீங்கள் தங்கிய வின்டனைச் சுற்றி டைனோசர் எலும்புகள் கிடைக்கும் பாறை, கடல் பின்வாங்கிய பிறகு சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் விட்டுச்சென்ற படிவு. அதுவும் அந்த மூடிக்கு மேலேதான் இருக்கிறது.

படுகை ஒரே கிண்ணம் அன்று. எரோமங்கா, சூரட், கார்ப்பெண்டாரியா என்ற மூன்று பெரிய படிவுப் படுகைகள் அதில் அடங்கும். ஆழமான இடங்களில் மொத்தத் தடிமன் 3,000 மீட்டரை எட்டுகிறது. பிற்காலத்தில் கிழக்கு விளிம்பு உயர்ந்தபோது மணற்கல் அடுக்குகளின் ஓரம் பெரும் பிரிப்பு மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளில் தரைக்கு மேல் தலைகாட்டியது. அங்கே பெய்யும் மழையில் ஒரு சிறு பகுதி மணற்கல்லுக்குள் இறங்கி, மேலும் கீழும் களிப்பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டு, தென்மேற்காகச் சரிந்து செல்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு மோட்டார் இல்லாமல் நீர் வருவது எந்த விதியாலோ, அதே விதியால்தான் வின்டனில் துளையிட்டதும் நீர் தானாக மேலே வருகிறது. இப்படி அழுத்தத்தால் தானாக மேலேறும் நீரையே ஆர்ட்டீசியன் நீர் என்கிறோம். சூட்டுக்குக் காரணம் ஆழம். இந்தப் பகுதியில் ஆழம் கூடக் கூட வெப்பம் பல இடங்களைவிட விரைவாக ஏறுகிறது. படுகையின் நீர் கிணற்றுவாயில் 30 பாகையிலிருந்து 100 பாகை வரை இருக்கும். பேர்ட்ஸ்வில் ஊரில் 98 பாகை நீரைக் கொண்டு ஒரு சிறு மின்நிலையமே பல ஆண்டுகள் இயங்கியது.

இந்த நீர் மழைநீர்தான் என்பது இன்று ஐயமற்ற செய்தி. ஆனால் நூறாண்டுகளுக்கு முன்பு அது கடும் விவாதப் பொருளாக இருந்தது. 1901-02இல் ஐர் ஏரிப் பகுதிக்குப் பயணம் சென்ற ஜே. டபிள்யூ. கிரெகரி என்ற புகழ்பெற்ற நிலவியலாளர், இந்த நீரின் பெரும்பகுதி பூமியின் ஆழத்தில் உருகிய பாறையிலிருந்து வெளியேறியது என்றும், அதை மேலே தள்ளுவது வெப்பமும் வளிமங்களும் பாறையின் எடையும் என்றும் வாதிட்டார். நியூ சவுத் வேல்ஸ் அரசு நிலவியலாளர் எட்வர்ட் பிட்மன் அதை மறுத்து, மலைச்சரிவில் இறங்கும் மழையே மூலம் என்று நிறுவ முயன்றார். இது வெறும் கல்விச் சண்டை அன்று. கிரெகரி சொன்னது சரியானால், எடுக்கும் நீர் திரும்ப வராது. கிணறு வெட்டுவதை அன்றே கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். மூலத்தைப் பொறுத்தவரை பிட்மன் பக்கமே உண்மை இருந்தது. பிற்காலத்தில் நீர் மூலக்கூற்றிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதத்தை அளந்தபோது அவை மழைநீருக்குரிய விகிதத்தோடு பொருந்தின. எனினும், வீணாக்குவதைத் தடுக்க வேண்டும் என்ற கவலை எந்தக் கோட்பாட்டின் கீழும் நியாயமானதே என்பது எனது உறுதியான கருத்து. அதற்குக் காரணத்தைக் கீழே சொல்கிறேன். வயது பற்றிய கேள்வியை அத்துறையில் வேலை செய்பவரிடம் விட்டுவிடுகிறேன்.

மறுமொழி: அரைவாழ்வு

வயது பற்றி நான் எழுதுகிறேன். நீர் ஆய்வகமொன்றில் பல ஆண்டுகளாக ஐசோடோப்பு அளவீடு செய்துவருகிறேன்.

நிலத்தடி நீரின் வயது என்றால், அது மழையாகப் பெய்து காற்றோடு தொடர்பு அறுந்த நாளிலிருந்து கடந்த காலம். வளிமண்டலத்தில் மாறாத அளவில் உருவாகும் ஏதேனும் ஒரு கதிரியக்க அணு மழையோடு கீழிறங்கி, மண்ணுக்குள் போனபின் புதிதாகச் சேராமல் சிதைந்துகொண்டே போகுமானால், எஞ்சியிருப்பதை அளந்து காலத்தைக் கணக்கிடலாம். எல்லாரும் அறிந்த கார்பன்-14 இங்கே உதவாது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். 40,000 ஆண்டுகளுக்குப் பிறகு அளப்பதற்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. மலைச்சரிவை விட்டுச் சற்றுத் தொலைவு போனதுமே இந்தப் படுகையின் நீரில் கார்பன்-14 தீர்ந்துவிடுகிறது.

ஆகவே நீண்ட அரைவாழ்வு உள்ளவற்றைத் தேட வேண்டும். குளோரின்-36இன் அரைவாழ்வு சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். விண்கதிர்கள் மேல்வளியில் உள்ள ஆர்கான் அணுக்களைத் தாக்கும்போது உருவாகி, உப்பின் பகுதியாக மழையோடு இறங்குகிறது. 1980களிலிருந்து இந்தப் படுகையில் அதை அளந்துவந்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்லச் செல்ல அதன் விகிதம் சீராகக் குறைந்துகொண்டே போனதுதான், பத்து இலட்சம் ஆண்டு என்ற எண்ணுக்கு முதல் வலுவான ஆதாரம். ஆனால் குளோரினில் ஒரு சிக்கல் உண்டு. களிப்பாறையில் சிறைப்பட்ட பழைய உப்பு மெல்லக் கசிந்து மணற்கல் நீரில் கலக்கலாம். அதில் குளோரின்-36 மிகக் குறைவு என்பதால் நீர் உண்மையான வயதைவிட முதியதாகத் தோன்றும். பாறையிலுள்ள யுரேனியம், தோரியத்தால் தோன்றும் நியூட்ரான்கள் நிலத்தடியிலேயே சிறிது குளோரின்-36ஐ உருவாக்கவும் செய்யும். அப்போது நீர் இளையதாகத் தோன்றும்.

கிரிப்டான்-81 இந்தத் தொல்லைகளிலிருந்து விடுபட்டது. அரைவாழ்வு சுமார் 2 இலட்சத்து 29 ஆயிரம் ஆண்டுகள். அது மந்த வளிமம். எதனோடும் வினைபுரியாது, பாறையிலிருந்து கரைந்து வராது. தொல்லையெல்லாம் அதன் அருமைதான். காற்றிலுள்ள கிரிப்டானிலேயே ஓர் இலட்சம் கோடி அணுக்களில் ஒன்றுகூடக் கிரிப்டான்-81 இல்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இந்தப் படுகையின் நான்கு கிணறுகளிலிருந்து கிணற்றுக்குச் சுமார் 16,000 லிட்டர் நீரை எடுத்து, கரைந்திருந்த வளிமத்தைப் பிரித்து, அதிலிருந்து அரை மில்லிலிட்டர் அளவிலான கிரிப்டானை மட்டும் தேர்ந்தெடுத்து, அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள துகள் முடுக்கியில் அணுக்களை எண்ணினார்கள். கிடைத்த வயதுகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளிலிருந்து 4 இலட்சம் ஆண்டுகள் வரை. இன்று லேசர் ஒளியால் அணுவை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணும் முறை வந்துவிட்டதால், அத்தனை நீர் தேவையில்லை.

களத்தில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சொல்: கிணற்றுவாயிலிருந்து வரும் நீர் காற்றின் ஒரு குமிழியைக்கூடத் தொடாமல் குழாய்வழியே வெற்றிடக் கலத்துக்குள் தெளிக்கப்பட வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் புதிய கிரிப்டான் நிறைந்திருப்பதால், இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் மூன்று இலட்சம் ஆண்டு நீர் இளமையாகிவிடும். 80 பாகை நீர் ஓடும் குழாயில் கையுறையோடு ஒவ்வொரு திருகையும் மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருப்பதே அந்த நாளின் பெரும்பகுதி.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. அழுத்தச் சரிவையும் மணற்கல்லின் ஊடுருவு திறனையும் கொண்டு கணக்கிட்டால், நீர் ஆண்டுக்கு 1 முதல் 5 மீட்டர் வரையே நகர்கிறது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டர் கடக்கப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே அளவுக்கு வந்து சேர்வதால்தான் இந்த எண்ணை நம்புகிறோம். ஒரே ஓர் எச்சரிக்கை: கிணற்றில் வருவது பல வயது நீர்களின் கலவை. "வயது" என்று நாங்கள் தருவது சராசரியே தவிர, ஒரு துளியின் பிறந்தநாள் அன்று.

செம்புலம்

இரண்டு விளக்கங்களுக்கும் மிக்க நன்றி. வயது பற்றிய ஐயம் தீர்ந்தது. ஆனால் இரண்டாவது கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிவிட்டது. 64,900 கன கிலோமீட்டர் இருப்பில், ஒரு நூற்றாண்டில் எடுத்தது மிகச் சிறு பங்காகத்தானே இருக்கும்? அப்படியிருக்க ஏன் இத்தனை கவலை?

மறுமொழி: மணற்கல்

ஐயா, நீங்கள் கேட்டதே இந்த விவகாரத்தின் மையம். அந்தப் பெரிய எண்ணைக் காட்டித்தான் நூறாண்டுக் காலம் வீணடிப்பை நியாயப்படுத்தினார்கள். செலவாவது நீரைவிட முக்கியமாக அழுத்தம் என்பதைப் புரிந்துகொண்டால் எல்லாம் தெளிவாகும்.

திறந்த நீர்த்தாங்கியில், அதாவது நம் ஊர்க் கிணறுகள் உள்ள மேலடுக்கில், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் மண்துகள்களுக்கு இடையே இருந்த நீர் வடிந்து வெளிவருகிறது. மணற்பாங்கான இடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 100 லிட்டரோ அதற்கு மேலோ கிடைக்கும். மூடப்பட்ட நீர்த்தாங்கியில் அப்படி அன்று. அங்கே மணற்கல் வடிவதே இல்லை. எப்போதும் முழுதாக நிரம்பியே இருக்கிறது. அழுத்தம் குறையும்போது நீர் இம்மியளவு விரிகிறது, பாறை இம்மியளவு அமுங்குகிறது. அந்தச் சிறு வேறுபாடுதான் கிணற்றில் வெளியே வருகிறது. அழுத்த மட்டம், அதாவது அழுத்தத்தால் நீர் குழாயில் ஏறி நிற்கக்கூடிய உயரம், ஒரு மீட்டர் குறையும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பின் அடியிலிருந்து கிடைப்பது 100 மில்லிலிட்டர் அளவிலேயே இருக்கும். ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆகவே மொத்த இருப்பில் ஒரு துளியளவை எடுத்தாலும், அழுத்தம் பரந்த பரப்பில் பல பத்து மீட்டர் சரிந்துவிடுகிறது. அந்த 64,900 கன கிலோமீட்டரும் அப்படியே கீழே இருக்கும். தானாக மேலே வராது. பம்பு வைத்து இறைக்க வேண்டும். மின்கம்பி எட்டாத, அடுத்த வீட்டுக்கே மணிக்கணக்கில் வண்டியோட்ட வேண்டிய மேய்ச்சல் நிலங்களில் அதன் பொருள் என்ன என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நடந்ததும் அதுதான். 1878இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் ஊர்ப் பக்கமுள்ள கல்லாரா மேய்ச்சல் நிலத்தில் முதல் ஆர்ட்டீசியன் கிணறு பீறிட்டது. அடுத்த நாற்பதாண்டுகளில் நூற்றுக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. தார்கோமிண்டா ஊரில் 1893இல் கிணற்று நீரின் அழுத்தத்தாலேயே மின்னாக்கி சுழன்று தெருவிளக்கு எரிந்தது. அந்த ஏற்பாடு 1951 வரை நீடித்தது. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி படுகையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கோடி லிட்டர் நீர் வெளியேறியது. அதன்பின் புதிய கிணறுகள் தோண்டத் தோண்ட மொத்த வெளியேற்றம் குறைந்துகொண்டே வந்தது. காரணம் சிக்கனம் அன்று; அழுத்தம் சரிந்துவிட்டது. தொடக்கத்தில் பீறிட்ட கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தானாகப் பாய்வதை நிறுத்திவிட்டது.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது, எடுத்த நீரில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படவில்லை என்பதே. வால்வு இல்லாத கிணற்றிலிருந்து வரும் நீரை, மண்ணில் கீறிய திறந்த வாய்க்கால்களில் பல பத்து கிலோமீட்டருக்கு ஓடவிட்டார்கள். கிணற்றுவாயில் ஆவி பறக்கும். சில நூறு மீட்டரில் வாய்க்காலின் இரு கரையிலும் வெள்ளை உப்புப் படிவு தெரியும். அதற்கப்பால் கோரையும் சேறும் மாட்டுக் குளம்புத் தடமும். ஆடுமாடுகள் குடித்தது நூற்றில் ஐந்தோ பத்தோ. மற்றவை ஆவியாகவும் கசிவாகவும் போயின. இந்த வாய்க்கால்களின் ஓரத்தில் நிழலுக்கும் தீவனத்துக்குமென்று 1890களில் கொண்டுவந்த மரம் எது தெரியுமா? நம் கருவேலமரம். இந்தியாவில் நெற்றை ஆடு தின்னும், விறகுக்கு வெட்டுவார்கள். அங்கே வெட்டுவார் இன்றி, வாய்க்கால் ஈரத்தைப் பற்றிக்கொண்டு புல்வெளிகளை மூடிவிட்டது. இன்று அதை அழிப்பதற்கென்றே தனித் திட்டங்கள் நடத்தவேண்டிய நிலை.

1999 முதல் 2017 வரை மத்திய அரசும் மாநிலங்களும் நில உரிமையாளர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு, கட்டுப்பாடின்றிப் பாய்ந்த நூற்றுக்கணக்கான கிணறுகளைச் சீரமைத்து வால்வு பொருத்தினர். பழைய கிணறுகளின் இரும்புக் குழாய்கள் அரித்துப்போய்ப் பூமிக்குள்ளேயே நீர் கசிந்ததால், பலவற்றை சிமெண்டால் அடைத்துவிட்டுப் புதிதாகத் தோண்ட வேண்டியிருந்தது. வாய்க்கால்களுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்களும் தொட்டிகளும் வந்தன. பல இடங்களில் அழுத்தம் மீண்டு ஏறியிருக்கிறது. நின்றுபோன சில கிணறுகள் மறுபடி பாய்ந்திருக்கின்றன. நிலத்தடி நீர் மேலாண்மையில் மீட்சி என்று சொல்லத்தக்க செயல்கள் உலகில் அதிகம் இல்லை; இது அவற்றுள் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

மறுமொழி: உப்பேரி

மணற்கல் அவர்கள் சொன்னதோடு ஊற்றுகளையும் சேர்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் முதலில் சாவது கிணறு அன்று, ஊற்றுதான். கிணற்றுக்குப் பம்பு வைக்கலாம். ஊற்றுக்கு வைக்க முடியாது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஐர் ஏரிக்குத் தென்மேற்கே உள்ள "பப்ளர்" என்ற ஊற்றைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் கல்லும் உப்பும் மட்டுமே உள்ள தரையில், மனிதர் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஒரு மேடு. அதன் உச்சியில் ஒரு குளம். குளத்தின் அடியில் சாம்பல்நிற மணல் அடங்கியிருக்கும். திடீரென்று ஓரிடத்தில் மணல் வட்டமாகப் புரண்டு மேலெழும், அடங்கும், மறுபடி எழும். கரையில் நீர் வழிந்தோடும் வழியெல்லாம் பச்சை. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு காற்றுப்பட்டதும் படிவதாலும், காற்று கொண்டுவரும் மணலைக் கோரைகள் பிடித்துவைப்பதாலும் அந்த மேடு உருவாகிறது. அருகிலேயே ஹாமில்டன் குன்று நிற்கிறது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள அதுவும் ஒரு காலத்தில் ஊற்றாக இருந்து, மனிதர் துளையிடத் தொடங்குவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே நின்றுபோனது.

அந்த நாட்டின் அராபனா மக்கள் இந்த ஊற்றுகளின் வரிசையைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்து, அவற்றைத் தொட்டுத் தொட்டே பாலைவனத்தைக் கடந்தார்கள். 1850களின் இறுதியில் ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வுப் பயணி சென்றதும், 1872இல் முடிந்த கண்டம் கடக்கும் தந்திக் கம்பி சென்றதும், பின்னர் பழைய ரயில்பாதை சென்றதும் அதே வரிசையில்தான். டல்ஹவுசி ஊற்றுகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன; சுற்றிலும் பாலை என்பதால் அவற்றுக்குப் போக வேறிடம் இல்லை. அழுத்த மட்டத்தில் ஒரு மீட்டர் என்பது கிணற்றுக்காரருக்குச் சிறு எண்ணாக இருக்கலாம். தரைக்கு மேல் அரை மீட்டர் அழுத்தத்தில் வழியும் ஊற்றுக்கு அதுவே முடிவு.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை மணற்கல் அவர்களின் விடையிலிருந்து சற்று வேறுபடும். மழை ஈடு செய்கிறதா என்றால், எந்த விளிம்பில் என்று கேட்க வேண்டும். கிழக்கில் மலைச்சரிவில் இன்றும் நீர் இறங்குகிறது. மேற்கு விளிம்பில் பரவலாக இறங்குவது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஃபிங்கி போன்ற ஆறுகளில் அரிதாக வெள்ளம் வரும்போது ஆற்றுப்படுகையின் வழியே இறங்குவதே அங்கு முக்கியம். பனியுகக் காலங்களுக்கு இடையே தட்பவெப்பம் ஈரமாக இருந்தபோது ஏறிய அழுத்தத்தின் எச்சத்தையே மேற்கில் இன்று காண்கிறோம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நானும் அப்படியே கருதுகிறேன். ஆகவே மேற்குப் பகுதியைப் புதுப்பிக்கத்தக்க வளம் என்று எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

மறுமொழி: மணற்கல்

மேற்கு விளிம்பு பற்றி உப்பேரி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். கிழக்கில் சூரட் படுகைக்கு அது பொருந்தாது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

இது தொடர்பாக ஒரு முக்கியமான திருத்தம் பழைய படத்துக்கு நிகழ்ந்திருக்கிறது. 2012-13இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவும் அரசு நிலவியல் நிறுவனமான ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு, படுகை முழுவதும் தடையின்றி இணைந்த ஒரே நீர்த்தேக்கம் என்ற எண்ணத்தை மாற்றியது. பிளவுகளும் அடிப்பாறை மேடுகளும் அதைப் பல பகுதிகளாகப் பிரிக்கின்றன. சில இடங்களில் மூடியாகக் கருதிய களிப்பாறையே பிளவுபட்டு நீரை மேலே கசியவிடுகிறது. கீழே உள்ள பழைய படுகைகளோடு தொடர்பும் சில இடங்களில் உண்டு. சூரட் படுகையில் வாலூன் நிலக்கரி அடுக்கு, மேலே ஸ்பிரிங்போக் மணற்கல்லுக்கும் கீழே ஹட்டன் மணற்கல்லுக்கும் இடையில் இருக்கிறது. அந்த நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்க முதலில் அதிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். அப்போது மேலும் கீழும் உள்ள மணற்கற்களிலிருந்து எவ்வளவு நீர் உள்ளே இழுக்கப்படும் என்பது, இடையிலுள்ள சில மீட்டர் களிப்பாறையின் தன்மையைப் பொறுத்தது. ஒரு விவசாயியின் கிணறு நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை அந்தச் சில மீட்டரில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிய, 1946இல் தொடங்கிய கனிம வளச் செயலகமும் அதன் வாரிசான இன்றைய ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவும் கண்டம் முழுவதும் தரவு திரட்டி வந்திருக்கின்றன. எண்ணெய் தேடியவர்கள் எடுத்த நிலநடுக்க அலைப் படங்களும் துளைப் பதிவுகளும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. அண்மைக்காலத்தில், விமானத்திலிருந்து மின்காந்தத் துடிப்பை அனுப்பி, நிலத்தடியில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் எதிரொலியை அளக்கும் ஆய்வு, 20 கிலோமீட்டர் இடைவெளிக் கோடுகளில் கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்திருக்கிறது. உப்பு நீரும் களிமண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்தும். நன்னீர் நிறைந்த மணற்கல் அவ்வளவாகக் கடத்தாது. சில நூறு மீட்டர் ஆழம் வரைதான் இது எட்டும். விளிம்புகளில் நீர் இறங்கும் இடங்களை இனங்காண அது போதும். படுகையின் நடு ஆழத்துக்குப் போதாது.

மறுமொழி: கெடிலக்கரை

கடலூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தமுள்ள நீர்த்தாங்கி இருக்கிறது. அந்த நீரை இரவுபகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்துவிடும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் அறிவோம். ஆஸ்திரேலியாவில் நடப்பதும் இதுவும் ஒன்றுதானா?

மறுமொழி: மணற்கல்

இயற்பியல் ஒன்றே, காலமும் பரப்பும் வேறு. நெய்வேலியின் கடலூர் மணற்கல் மிகவும் இளையது. அது தரைக்கு வரும் பகுதி சுரங்கத்துக்கு மேற்கே அண்மையிலேயே இருக்கிறது; வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்கிறது. ஆகவே அங்கு நீர் இறங்குவதும் அழுத்தம் மீள்வதும் மனித ஆயுளுக்குள் காணக்கூடியவை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் இறங்கியதற்கும், மூடிய நீர்த்தாங்கியில் அழுத்தம் தொலைதூரம் பரவிக் குறையும் என்று மேலே சொன்ன காரணமே பொருந்தும்.

செம்புலம்

அனைவருக்கும் நன்றி. ஒரு கடைசிக் கேள்வி: வின்டன் பக்கத்துக் கிணறுகளின் அழுத்தம் ஆண்டுதோறும் எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்க இயலுமா?

மறுமொழி: அரைவாழ்வு

இயலும். "குயின்ஸ்லாந்து குளோப்" என்ற அரசு வரைபடத் தளத்தில் நிலத்தடி நீர் அடுக்கைத் திறந்தால் பதிவுபெற்ற ஒவ்வொரு கிணறும் அதன் எண்ணோடு தெரியும். எண்ணைச் சொடுக்கினால் ஆழம், கடந்த பாறை அடுக்குகள், நீரின் வேதியியல், அளந்த அழுத்தங்கள் ஆகியவை கிடைக்கும். உங்கள் குழாயில் வந்த நாற்றத்துக்குக் காரணம் கரைந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு. நீரைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

பட்டியலில் உள்ள அழுத்தங்களை ஒப்பிடும்போது அளந்த வெப்பநிலையையும் கட்டாயம் பாருங்கள். சூடான நீர் இலேசானது. ஒரு கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் நீர்த்தூண் முழுவதும் சூடாக இருக்கும்போது அளந்தால், அதே கிணறு ஆறியிருக்கும்போது காட்டுவதைவிட ஏறத்தாழ 15 மீட்டர் கூடுதலாகக் காட்டும். வால்வை மூடி எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால், திருத்தம் செய்யாத இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்து அழுத்தம் ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்ட வேண்டாம். வெப்பநிலை குறிக்கப்படாத பழைய அளவீடுகளை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை.